டாலிவரே, நடையைக் கட்டு

"எழுத்து போட்ட அட்டையை உள்ள விடமுடியாது லவான்," என்றார் அரங்க வாசலில் டிக்கெட் கிழிக்கும் மெர்ல். "கோச்சை அவமானப்படுத்துறியாம். மேலிடத்து உத்தரவு."

பள்ளிப் பேருந்து ஓட்டும் லவான் ஹ்ருஸ்கா எழுதியிருந்தது ஒரே வரி: 'டாலிவரே, நடையைக் கட்டு.'

"பதினோரு ஆட்டம் வரிசையாத் தோத்தவனுக்கு இந்த மரியாதையே ஜாஸ்தி."

இருபத்தாறு வருடமாக ஆட்டக்காரர்களின் பெஞ்சுக்கு நேர் பின்னால் உட்காருகிறவள் அவள். ஊர்க் கல்லூரிக் கூடைப்பந்து அணி ஜெயிக்க வேண்டும். அதற்கு டாலிவர் தொலைய வேண்டும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

எழுத்துக்குத்தானே தடை? அட்டையைத் திருப்பி, பெரிய பயணப் பெட்டி ஒன்றை வரைந்தாள். பாதி ஆட்டத்தில் தூக்கிப் பிடித்தாள்.

அங்கேதான் வந்தது வினை. எதிரணிக்குப் புரியக்கூடாது என்று, எப்படி ஆடுவது என்பதைப் பெஞ்சிலிருந்து படம் போட்ட அட்டைகளால்தான் காட்டுவார்கள். பெட்டி என்றால், கூடைக்கடியில் நிற்கும் நெட்டையனுக்குப் பந்தைக் கொடு என்று அர்த்தம். டாலிவர் அதை ஒருநாளும் காட்டியதில்லை, அவ்வளவுதான்.

பந்தோடு நின்ற கேசி நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தான். பந்து நெட்டையனுக்குப் போனது. கூடைக்குள் விழுந்தது. அன்று ஜெயித்தார்கள்.

"டாலிவருக்குள்ள இவ்வளவு மூளை இருந்திருக்குப்பா," என்றது ஊர்.

லவானுக்கு வயிறு எரிந்தது. அடுத்த வாரம் துடைப்பம் வரைந்தாள். அதற்கும் ஓர் ஆட்டம் இருந்திருக்கிறது. பையன்கள் எதிரணியைப் பெருக்கித் தள்ளினார்கள். அதற்கடுத்த வாரம் கழுதை. முப்பது புள்ளி வித்தியாசத்தில் வெற்றி. பத்திரிகையில் டாலிவரின் படம்.

"பேசாம வீட்லயே இரேன்," என்றார் கணவர் டெல்மர்.

"நான் போகலேன்னா தோத்துருவாங்களே."

"தோத்தாத்தானே அந்தாளு போவான்?"

"தோக்குறதை எப்படி டெல்மர் பாத்துட்டிருக்குறது?"

கடைசி ஆட்டம் வெக்ஸ்லியோடு. பக்கத்து ஊர், ஒன்பது வருடமாக இவர்களை மண்ணைக் கவ்வ வைத்தவர்கள். முடிய ஆறு விநாடி, ஒரு புள்ளி பின்னால். லவான் பெட்டி வரைந்த அட்டையை மடியில் கவிழ்த்துக்கொண்டாள். இந்த வருடமும் வெக்ஸ்லியிடம் தோற்றால் ஊர் பொறுக்காது. இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும், நாளைக்கே டாலிவர் வெளியே.

கேசி திரும்பினான். கோச்சைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான்.

பாவி மனசு கேட்குமா? பெட்டி மேலே போனது. பந்து கூடைக்குள் விழ, மணி அடித்தது.

அரங்கமே களத்தில் குதித்தது. குரல் உடையக் கத்தி, முன்பின் தெரியாதவர்களையெல்லாம் கட்டிப்பிடித்தாள் லவான். பிறகு டாலிவரைத் தோளில் தூக்கிப் போவதைப் பார்த்தாள். உட்கார்ந்து அழுதாள். இனி ஆயுசுக்கும் இவன்தான்.

மறு வாரம், அடுத்த வருடத்துக்கான இருக்கையைப் பதியச் சுரத்தில்லாமல் போய் நின்றாள்.

"ஏன் மூஞ்சியைத் தொங்கப்போட்டிருக்கே?" என்றார் மெர்ல். "சேதி தெரியாதா? தோத்த கடுப்புல வெக்ஸ்லிக்காரன் அவன் கோச்சை விரட்டிட்டு, ஆறு வருஷ ஒப்பந்தம் போட்டு நம்ம டாலிவரைக் கொத்திட்டுப் போயிட்டான்."