இடதுபக்கக் கை

சுப்பராயலு இண்டிகேட்டரை இடதுபக்கம் தள்ளினார். வைப்பர் ஆடியது.

“எழிலா, நான் கேட்டது லைட்டுடா.”

“சுவிட்ச் பழசு மாமா. இருங்க, பாக்குறேன்,” என்றான் எழிலன். முதுநகர் பட்டறையில் காலையிலிருந்து ஸ்டியரிங் அடியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அந்தக் காரில் இடதுபக்க விளக்கு எரிந்து பல வருஷமாயிற்று. அப்போது பட்டறை நடத்திய ராபர்ட்டைக் கேட்டால், “சுவிட்ச் கிடைக்கலண்ணே,” என்பார். அதனால் குறையொன்றுமில்லை. இடதுபக்க சீட்டில் மனைவி ஞானாம்பாள் இருந்தாள். திருப்பம் வந்தால் வளையல் கையை வெளியே நீட்டி, “கை போட்டுட்டேன், திருப்புங்க,” என்பாள். சந்தையோ கல்யாணமோ, அவளில்லாமல் கார் வாசலைத் தாண்டியதில்லை.

தை மாதம் அவள் போய்ச் சேர்ந்தாள். போன வாரம் தனியாகச் சிதம்பரம் போன சுப்பராயலு, திருப்பத்தில் காலி சீட்டைப் பார்த்து, “கை போடு,” என்று சொல்லிவிட்டுத் திருப்பினார். பின்னால் வந்த பால் வண்டி இடித்தது.

சிதம்பரத்தில் இருக்கும் மகள் ஸ்ரீமதி போனில் அழுதாள். “நாளைக்கு வருவேன்பா. லைட்டு எரியலன்னா சாவிய வாங்கிக்குவேன். அம்மாவும் இல்ல. ஒங்களுக்கும் ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருகிட்ட வர்றது?”

எழிலன் காயலான் கடையிலிருந்து வேறு சுவிட்ச் கொண்டுவந்து மாட்டினான். “தள்ளுங்க மாமா.”

ஹாரன் அலறியது. எதிர் டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள்.

எழிலன் மறுபடி குடைந்தான். இப்போது வலதுபக்க விளக்கும் அணைந்துபோனது.

“ரெண்டு பக்கமும் ஒத்துமையாயிடுச்சு மாமா.”

“ஒரு பக்கத்துக்கே ஆளில்ல. ரெண்டு பக்கத்துக்கும் எங்கடா போவேன்?”

சிரிக்கத்தான் சொன்னார். எழிலன் சிரிக்கவில்லை.

டீ குடிக்க வந்த ராபர்ட், பிரிந்து கிடந்ததைப் பார்த்து நின்றுவிட்டார்.

“சுவிட்ச்ச ஏன்டா தொட்ட? அது நல்லாத்தான இருந்துச்சு.”

டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, தனியாகத் தொங்கிய ஒயரை இழுத்துக் காட்டினார். “இத நான்தான் கழட்டி வுட்டேன்.”

“நீயா?” என்றார் சுப்பராயலு. “எதுக்குடா?”

ராபர்ட் தலை குனிந்துகொண்டார்.

“அண்ணிதாண்ணே கழட்டச் சொன்னாங்க. ‘லைட்டு எரிஞ்சா அந்த மனுசன் என்ன எங்க கூட்டிட்டுப் போவப்போறாரு’ன்னாங்க.”