தனக்கொடியின் தண்டட்டிக் காது

வெள்ளைக்கார டாக்டர் துரையின் சேதியைப் புருஷன் தங்கவேல் வந்து சொன்னதும் தனக்கொடிக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த நொடியே கை வெறுங்காதுக்குப் போனது.

"வியாழக்கெழம வரச் சொன்னாரு. காதுல போடற தண்டட்டியும் கட்டாயம் வேணுமாம்."

காதை இழுத்துத் தொங்கவிடும் அந்தக் கனத்த நகைக்கு எங்கே போவது? தோளில் தொங்கும் காதை வெட்டிச் சின்னதாகத் தைத்துக்கொண்டு, மகள் கஸ்தூரி கல்யாணத்தில் தோடு மினுங்க நிற்கப்போகும் பூரிப்பில், தன் தண்டட்டியை முன்கூட்டியே ஆசாரியிடம் கொடுத்து உருக்கித் தோடாக்கிவிட்டாள்.

துரையும் லேசுப்பட்டவர் இல்லை. சண்டையில் மூக்கறுந்த சிப்பாய்களுக்குப் புது மூக்கு வைத்தவர். மறுநாளே அந்த மூக்குகளுக்கு ஜலதோஷம் பிடித்ததாம், அத்தனை அசல். 'எங்க வூட்டுக்காரிக்குக் காது தோளத் தொடுதுங்க' என்று தங்கவேல் ஆரம்பித்ததுமே, மிச்சத்தைக் கேட்காமல் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்துவிட்டாராம்.

"அவருக்குத் தண்டட்டி இன்னாத்துக்குங்க?"

"எடை பாத்துத்தான் தையல் போடுவாரு போல."

வேறு வழியில்லாமல், பேச்சு முறிந்த ஓரகத்தி விருத்தாம்பாளிடம் போய் நின்றாள்.

"தரேன். ஆனா காதுலயே போட்டுக்கினு போ. முந்தானையில முடிஞ்சா தொலச்சிடுவ" என்றாள் விருத்தாம்பாள்.

அவர்கள் ஊரான ஏம்பலத்திலேயே கனமான ஜோடி அது. ஆஸ்பத்திரிக்குப் போன மாட்டுவண்டி இறங்கிய பள்ளந்தோறும் கன்னத்தில் அறைந்தது. வில்லியனூரில் காது தோளைத் தாண்டியது. மூலக்குளம் வருவதற்குள் இடுப்பை விசாரிக்கத் தொடங்கிவிட்டது.

"இன்னாங்க, இத்தப் பாத்து முடியாதுன்னுடுவாரா?"

"சிப்பாய்க்கு மூக்கே இல்ல. உனக்குக் காது கொஞ்சம் கூடுதலா இருக்குது, அவ்ளோதான். வெட்டுறது சுலுவு."

ஆஸ்பத்திரியில் துரை அவளைக் கண்டதும் கைதட்டினார். உள்ளேயிருந்து அவர் மனைவி, வெள்ளைக்கார மதாம், ஓடிவந்தாள். இருவரும் காதைத் தொட்டார்கள், நாடா வைத்து அளந்தார்கள், தண்டட்டியை ஆட்டிப் பார்த்தார்கள். மதாமுக்குக் கண் கலங்கியது.

துரையின் பேச்சைத் தமிழில் சொல்ல மரியதாஸ் என்ற சிப்பந்தி நின்றான்.

"அவ்ளோ மோசமா, தம்பி?" என்றாள் தனக்கொடி. "எப்பத் தைப்பாராம்?"

மரியதாஸ் தலையைச் சொறிந்தான்.

"தையலப் பத்திப் பேச்சே இல்லம்மா. மதாம் காத இதே மாதிரி தொங்க வுடறது எப்படின்னு, உங்ககிட்ட வைத்தியம் கேக்கத்தான் வரச் சொன்னாராம்."