சிவப்பு அம்புக்குறி

ஒரே ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்த குற்றத்துக்காக, முப்பது டி-ஷர்ட்டையும் டெய்லர் சுடலையின் மடியில் கொட்டினான் மோகன்ராஜ்.

"அத்தனையும் பிரிச்சுத் தையி!"

"மாத்திரை வேலையக் காட்டுதுல்லா அண்ணாச்சி" என்றான் சுடலை.

மண்ணரையில் அந்தப் பனியன் கம்பெனி முழுக்கத் தெரிந்த சங்கதி அது. மோகன்ராஜ் அங்கே தைத்த துணியில் பழுது பார்க்கிற செக்கர். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறான். பதினோரு மாதமாக வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. அது காலி செய்த இடத்தில் கோபம் குடிவந்துவிட்டது.

"பக்கவிளைவா இருக்கலாம்" என்றார் டாக்டர். "வேற மாத்திரை இருக்கு. ஆனா மாத்தறப்ப வலிப்பு திரும்பவும் வரலாம். நீங்களா நிறுத்திடாதீங்க. ஒரு மாசம், கோவம் வர்றப்பல்லாம் குறிச்சுட்டு வாங்க. பார்த்து முடிவு பண்ணுவோம்."

மாற்றினால் வலிப்பு பயம். மாற்றாவிட்டால் மனைவி பூங்குழலி சோமனூருக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். பை ஏற்கெனவே பாதி அடுக்கியாயிற்று.

குறிப்பதற்கு மோகன்ராஜுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். துணியில் பழுதைக் காட்ட ஒட்டுகிற சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரில் ஒரு ரோலை மனைவியிடம் கொடுத்தான்.

"நான் கோவப்பட்டா காலண்டர்ல அந்தத் தேதியில ஒண்ணு ஒட்டு புள்ள."

அன்று சாப்பாட்டு நேரத்தில் முதலாளி ரத்தினசாமியின் போன் வந்தது. பேசிவிட்டு வந்தவன், தோசை ஆறிப்போனதற்குக் கத்தினான். பூங்குழலி ஒன்று ஒட்டினாள்.

"இதுக்கெல்லாமா ஒட்டுவே?"

இரண்டு.

"ரோலைக் குடு இங்க!"

மூன்று.

வீட்டில் மட்டும் ஒட்டினால் நியாயமில்லையென்று, இன்னொரு ரோலைச் சுடலையிடம் கொடுத்தான். பிரித்துத் தைத்த கடுப்பையெல்லாம் சுடலை அவன் டிபன் பாக்ஸ் மேல் ஒட்டித் தீர்த்தான். மதியம் மூடி திறக்கவில்லை. பசியில் கத்தினான், மூடியில் நாலு கூடியது. சாயங்காலம் பூங்குழலி எல்லாவற்றையும் பொறுமையாக உரித்துக் காலண்டருக்கு மாற்றினாள்.

விஷயம் ரத்தினசாமி காதுக்குப் போனது. தங்கமான மனிதர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, "முடிஞ்சுதுங்களா கண்ணு?" என்று மரியாதையாகக் கேட்பார். வீட்டுக்குப் போன் போட்டும் அதே மரியாதையோடு கேட்பார். ஞாயிறானால் மட்டும் பொங்கலூர்த் தோட்டத்துக்குப் போய்விடுவார். அங்கே டவர் கிடைக்காது.

"மாத்திரைய மாத்தீராதீங்க கண்ணு! உங்களுக்குக் கோவம் வர ஆரம்பிச்சதுக்கப்பறம் ஒரு பீஸ்கூட ரிட்டர்ன் வரலீங்க. டாக்டர்கிட்ட நானே சொல்றனுங்க."

மாதம் முடிந்ததும், சொன்னபடி ஆஸ்பத்திரிக்கும் வந்துவிட்டார்.

விரித்தால், காலண்டர் அம்மை போட்டதுபோலச் சிவந்திருந்தது. டாக்டர் எண்ணினார்.

"நூத்தி முப்பத்தேழு. மாத்திரலாம்."

"வேண்டாங்க!" என்றார் ரத்தினசாமி.

"மாத்துங்க!" என்றாள் பூங்குழலி.

"சாப்பிடறவன் நானு! என்னையும் ஒரு வார்த்தை கேளுங்க!" என்று மோகன்ராஜ் கத்த, பூங்குழலி கைப்பையைத் திறந்து இன்னொன்றை ஒட்டினாள்.

காலண்டரைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸ் சென்னம்மாள் மெதுவாகக் கேட்டாள்:

"ஏனுங்க, நாலு ஞாயித்துக்கிழமையிலயும் ஒண்ணுகூட ஒட்டலீங்களே... அன்னிக்கு லீவு மாத்திரைக்குங்களா, முதலாளிக்குங்களா?"