ஆயிரம் வருசத்தாரும் என் கண்ணும்

நியூசிலாந்தின் ஒக்லாந்திலேயே அதிகம் படித்த மனுசன் டாக்சிதான் ஓட்டினார். புளொக்ஹவுஸ் பே பகுதியில் எங்களுக்குப் பக்கத்து வீடு. ஊரில் கண் டொக்டராக இருந்த யாழ்ப்பாணத்து முஸ்லிம். ஆயிரம் வருசத்தார் என்பது நான் வைத்த பெயர்.

எதைத் தொட்டாலும், "ஆச்சி, இது ஆயிரம் வருசத்துக்கு முன்னமே எங்கட ஆக்கள் கண்டுபிடிச்சது" என்பார். முன்வீட்டு வெள்ளைக்காரன் கிட்டார் தட்டினால் வேலிக்கு மேலால் எட்டி, "உதுக்குப் பாட்டன் அரபு வாத்தியம்!" என்று கத்துவார். விமான நிலையத்துக்கு என்று அவரின் டாக்சியில் ஏறினவர்கள் அல்ஜீப்ரா பிறந்த கதை தாங்காமல் பாதி வழியில் இறங்கி நடந்ததும் உண்டு.

தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியே போகச் சொல்லித் துரத்தினார்கள். துவக்கு வைத்திருந்தவர்கள் எங்கள் தமிழ்ப் பொடியள். ஒருநாள் வாய்க்கொழுப்பில் கேட்டுவிட்டேன்.

"தம்பி, உம்மைத் துரத்தினது ஆற்ற ஆக்கள்?"

"அவையளும் எங்கட ஆக்கள்தான் ஆச்சி."

அன்றைக்கு அவரின் தேத்தண்ணிக்கு இன்னொரு கரண்டி சீனி போட்டேன்.

இங்கே டொக்டராக வேலை செய்ய வாய்மொழிப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். இரண்டு தரம் கோட்டை விட்டார். மூன்றாம் தரம்தான் கடைசி.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். ஆயிரம் வருசத்தை வீட்டில வைச்சிட்டுப் போம்."

"ஓம் ஆச்சி."

பின்னேரம் வந்தவரின் முகம் செத்துக்கிடந்தது.

"என்ன கேட்டவங்கள்?"

"கண்புரை எடுக்கிறது எப்பிடி எண்டு."

"அட, அது உமக்குத் தண்ணிபட்ட பாடெல்லோ!"

"ஆயிரம் வருசத்துக்கு முன்னம் ஊசியால புரையை உறிஞ்சி எடுத்த அரபு டொக்டரில இருந்து தொடங்கினன். அவர் ஊசியைக் கையில எடுக்கவே மணி அடிச்சிட்டாங்கள்."

"விசரா!"

"எங்கட ஆக்களை விட்டிட்டு எப்பிடி ஆச்சி தொடங்கிறது?"

அதோடு டாக்சிதான் என்று ஆகிவிட்டது.

அடுத்த வருசம் என் கண்ணிலேயே புரை. ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனவர் அவர்தான். வெட்டினவனோ மீசை முளைக்காத வெள்ளைக்காரப் பொடியன். மறுநாள் கண் கட்டை அவிழ்த்து இங்கிலீசில் ஏதோ கேட்டான்.

"வடிவாத் தெரியுதோ எண்டு கேக்கிறார் அம்மா" என்றாள் கூட வந்த என் மகள்.

"இது ஆயிரம் வருசத்துக்கு முன்னமே எங்கட ஆக்கள் கண்டுபிடிச்சது எண்டு சொல்லு."

"எங்கட ஆக்களோ? ஆர் அது?"

யன்னலுக்கு வெளியே, மழைத் தூறலில், ஒருவர் டாக்சிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். புதுக் கண்ணுக்கு நல்ல வடிவாகத் தெரிந்தார்.

"அந்தா நிக்கிறார்" என்றேன்.