அந்தக் குரல் நான் இல்லை, சித்தி

என்றும் என் மரியாதைக்குரிய சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் பாப்பாவும் சுகம். அங்கே உங்கள் முழங்கால் சுகமா? சித்தப்பா சுகமா என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது. பதில் ஒன்பது நாள் தாமதம். பாப்பாவுக்குச் சளி, எனக்கு வேலை போய்விடுமோ என்ற கவலை, இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன.

"சொந்தப் பொண்ணா நெனச்சு உங்கிட்ட சொன்னேன், டாக்டர்கிட்டயே போட்டுக் குடுத்துட்டியேடி" என்று எழுதியிருந்தீர்கள். சித்தி, சத்தியமாக அது நான் இல்லை. பெட்டி. ஆஸ்பத்திரியில் தமிழ் தெரியாத டாக்டருக்கும் நம் நோயாளிக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கிற எங்கள் ஆறு பேரையும் போன வருஷம் ஓர் அறையில் உட்காரவைத்து, "எங்கே வலிக்கிறது?", "மூச்சை இழுத்து விடுங்கள்" என்று மூவாயிரம் வாக்கியம் வாசிக்கச் சொன்னார்கள். நானும் தொண்டை கட்டும்வரை வாசித்தேன், நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிக்கொம்பை வெட்டுகிறேன் என்று தெரியாமல். இப்போது டாக்டர் மேஜைமேல் ஒரு செயற்கை நுண்ணறிவுப் பெட்டி இருக்கிறது, என் குரலில் பேசுகிறது, ஆறு பேர் இரண்டு பேராகிவிட்டோம். நீங்கள் முழங்காலைக் காட்டப் போன அன்று நான் லீவு. என் குரலைக் கேட்டு, நான்தான் எங்கோ உள்ளே இருந்து பேசுகிறேன் என்று நினைத்து, பெட்டியிடம் குனிந்து, "உங்க சித்தப்பா சர்க்கரை மாத்திரைய முழுங்கறதே இல்ல, பூந்தொட்டியில புதைக்கிறார், டாக்டர்கிட்ட சொல்லிடாதே" என்று கிசுகிசுத்திருக்கிறீர்கள். அது "சொல்லிடாதே" என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டது. சித்தப்பாவுக்கும் அவர்தான் டாக்டர். டாக்டர் திருப்பிக் கேட்டதை அது தமிழில் உரக்கச் சொல்ல, பக்கத்து நாற்காலியில் சித்தப்பா!

பெட்டியைக் குறை சொல்ல முடியாது, ஒரு சொல் பிசகவில்லை. நானாக இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும், தொழில் தர்மம். ஆனால் நான் வாசலிலேயே உங்கள் கையைப் பிடித்து, "உள்ள பேசுறது ஒண்ணு விடாம டாக்டருக்குப் போயிடும், மறைக்கணும்னா என்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்று சொல்லியிருப்பேன். அந்த மூவாயிரத்தில் இந்த வாக்கியம் இல்லை.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். "நல்ல பாயிண்ட்மா, அதையும் ரெக்கார்ட் பண்ணிக் குடுத்துடு" என்றார். "முடியாது சார். யாரு பயந்திருக்காங்க, யாரு புரியாமலே தலையாட்டறாங்கன்னு வாசல்ல நின்னு பாக்கணும். அதை எதுல ரெக்கார்ட் பண்றது?" என்றேன். வியாழக்கிழமை கூட்டம்; மிச்சமிருக்கும் இரண்டு பேரை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். நான் விடுவதாக இல்லை சித்தி. பெட்டி இருந்துவிட்டுப் போகட்டும், வாசலில் ஓர் ஆள் வேண்டும். நோயாளி கேட்டால்தான் காது கொடுப்பார்கள். அதனால் உங்கள் பெயரில் ஒரு மனு இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுப் புதனுக்குள் அனுப்பிவிடுங்கள்.

சித்தப்பா கோபம் தணிந்திருந்தால் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தணியவில்லை என்றால் பூந்தொட்டிக்குச் சொல்லுங்கள். பாப்பாவின் முத்தங்களும் கொஞ்சம் சளியும் இத்துடன்.

இப்படிக்கு,
உங்கள் ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடிய மகள்

பி.கு.: மனு டாக்டர்களின் மொழியில் இருக்க வேண்டும். இடுப்பில் பாப்பா, எழுதக் கை இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஃபோனில் இருக்கும் அதே வகைப் பெட்டியிடம் வாயால் சொல்லித்தான் எழுதவைத்தேன். பிழையே இல்லை. நான்காவது காரணம்: "மூக்கிலிருந்து விரலை எடு." ஐந்தாவது: "சித்திதானே, எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்." இரண்டையும் அடிக்கவில்லை, இதைவிட நல்ல சாட்சி நமக்குக் கிடைக்காது. பாருங்கள், நீங்கள் பேனாவை எடுப்பதற்கு முன்பே, வாசலிலேயே சொல்லிவிட்டேன்.