முறத்துக்கும் கற்பூரம் காட்டிய ஆயுத பூஜை

திருவண்ணாமலையில் கிரிவலம் வராதவர்கூட உண்டு. கேள்விக்காரம்மாவிடம் மாட்டாதவர் ஒருத்தரும் கிடையாது!

எழுபதுகளின் கடைசி. மெஷின் வந்தால் பெண்கள் வேலை என்ன ஆகிறது என்று ஆராய, மெட்ராஸிலிருந்து வந்து செங்கம் ரோட்டில் ரூம் எடுத்திருந்த பேராசிரியை அவர். நான் குமாஸ்தாவாக இருந்த கடலை மில்லில் நுழைந்ததும் என்னைத்தான் பிடித்தார்.

"உங்க வீட்டம்மா என்ன வேலை பண்றாங்க?"

"சும்மாதாம்மா இருக்கா."

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"இட்லி."

"சும்மா இருக்கிறவங்க எப்படிங்க இட்லி அவிச்சாங்க?"

நான் கணக்கு நோட்டைப் புரட்ட ஆரம்பித்தேன்.

அந்த ஆயுத பூஜைக்குக் கடலை உடைக்கும் மெஷின் வந்தது. கையால் உரித்த இருபது பெண்களையும் பூஜைப் பொரியோடு நின்றுவிடச் சொன்னார் முதலாளி. புருஷனை இழந்த முனியம்மா, மூன்று பிள்ளைகளை நினைத்து மூலையில் அழுதாள்.

மெஷினுக்கு ஆளுயர மாலை சாத்தி, பூசாரி கற்பூரம் ஏற்றும் நேரம். கேள்விக்காரம்மா விறுவிறுவென்று வந்து முனியம்மாவின் முறத்தை மெஷின் பக்கத்தில் வைத்து, பொட்டும் வைத்தார். ஐயையோ!

"இன்னாம்மா அக்கிரமம் இது?" என்று முதலாளி கத்தினார்.

"இத்தனை வருஷம் உங்க மில்லை நடத்தின ஆயுதம் இது. அதுக்குப் பூஜை கிடையாதா?"

எதற்கு வம்பு என்று பூசாரி முறத்துக்கும் கற்பூரம் காட்டிவிட்டார்.

மறுநாள் மெஷினை ஓட்டினோம். பூஜை மாலையைக் கழற்றினால் அபசகுனமாம், விட்டுவைத்தோம். மாலையின் வாழைநார் உள்ளே போய்ச் சுற்றி, மெஷின் கரக்கென்று நின்றது. எட்டு ஆம்பளைகள் முயன்றும் கை நுழையவில்லை. வேலூரிலிருந்து ஃபிட்டர் வர மூன்று நாளாகும்.

கேள்விக்காரம்மா ஃப்யூஸைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். புடவையைச் செருகிக்கொண்டு மெஷின் அடியில் மல்லாந்து படுத்தே விட்டார்! உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எனக்கும் எட்டலை. முனியம்மா, நீ வா!"

முறத்தை எடுத்துப்போக வந்திருந்த முனியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமி மாலைம்மா, குத்தமாயிடாதே?" என்றபடியே, தோலிலிருந்து பருப்பை எடுக்கிற விரலால் நாரை இழை இழையாக உருவிவிட்டாள். அவர்கள் வெளியே வந்ததும் ஃப்யூஸை மாட்டினேன்; மெஷின் ஓடியது.

"இவங்களே மெஷினை ஓட்டட்டுமே" என்றார் கேள்விக்காரம்மா.

"பொம்பளையா?" என்றார் முதலாளி.

"நிறுத்தினது ஆம்பளைங்கதானே?"

முதலாளி முனகிக்கொண்டே சம்மதித்தார். முனியம்மா மெஷின் ஓட்டினாள். மற்றவர்களில் பாதிப் பேருக்குத்தான் சொத்தைக் கடலை பொறுக்கும் வேலை கிடைத்தது. மீதிப் பேருக்காக, ஊரையே மிரட்டிய அந்தம்மா மில் வாசலில் உட்கார்ந்து அழுதார். அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி.

இப்போதெல்லாம் ஆயுத பூஜையன்று இட்லி அவிப்பது நான்தான். கல் மாதிரி வரும். மனைவி சாம்பாரில் ஊறவைத்துச் சாப்பிடுவாள். முறத்துக்குப் பொட்டு வைக்கும்போது சொல்வாள்: "அந்தம்மா எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."