பனிமலைக்கு யூரியா வாங்கிய பட்டாளம்

கொக்கட்டிச்சோலை

அன்புள்ள மருமகன் இளையதம்பிக்கு,

மாமன் அருமைநாயகம் சொல்ல, மகள் மங்கையற்கரசி எழுதுவது. தான்தோன்றீஸ்வரர் துணையால் நாங்களும் மாடுகன்றும் சுகம். மாரி மழைக்குக் கூரை ஒழுகுவதைத் தவிர வேறு குறை இல்லை. லண்டன் குளிருக்கு நீ காதை மூடிக்கொண்டு திரி.

மனே, நீ அனுப்பிய விளையாட்டுப் பெட்டி வந்து சேர்ந்தது! வந்த நாள் தொடக்கம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டவுணில் இருந்து அதைக் கொண்டுவந்தது நம்ம ஊர் மருத்துவிச்சி டோறா மிஸ்ஸி. பறங்கி ஆக்கள், இங்கிலீசு தண்ணி பட்ட பாடு. மண்முனைத் துறையில் சோதனைக்கு நின்ற ஆமிக்காரப் பொடியன் பெட்டிக்குள் கிடந்த இருபது முகப் பகடையைக் கண்டுவிட்டானாம். பெரிய எண் விழும்வரை தரமாட்டேன் என்று உருட்டிக்கொண்டே நின்றானாம். தோணிக்கு நின்ற சனமெல்லாம் தேர் பார்ப்பதுபோல எட்டிப் பார்த்ததாம். அது கிடக்கட்டும், நான் சொல்லவந்தது வேறு.

உன் மாமி சின்னத்தங்கத்தின் அண்ணன் வினாயகமூர்த்தி மச்சான் என்னோடு பேசுவதில்லை என்று உனக்குத் தெரியும். வட்டை வயலுக்குள் தண்ணீருக்காக நான் வரம்பை வெட்டிவிட்ட நாளில் இருந்து, என்னைக் கண்டால் மனுசன் வானத்தைப் பார்ப்பார். தையில் மங்கைக்குக் கலியாணம். தாய்மாமன் வந்து நிற்காமல் என்ன கலியாணம்? மாமி சோறு தின்னாமல் கிடந்தாள். போய்க் கூப்பிட எனக்கு வெட்கம். அப்படி இருக்கையில், புது விளையாட்டு என்று கேள்விப்பட்டு மச்சானே வந்து பாயின் அந்தத் தொங்கலில் இருந்துவிட்டார். இந்த மழைக்கு வேறு எங்கேதான் போவது?

மிஸ்ஸி புத்தகத்தைப் படித்துச் சொன்னா. இல்லாத ஒரு நாடு, அதில் ஒரு பனிமலை. மலைக்கு அங்காலே உள்ள ஊருக்கு மருந்து கொண்டுபோக வேண்டும். மச்சான், மாமி, நான், ஆளுக்கொரு சிப்பாய் வேசம், எல்லாம் வாய்ப்பேச்சிலும் பகடையிலும்தான். என்னுடைய ஆள் கோப்ரல்! உடனே மச்சான் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "மிஸ்ஸி, அந்தக் கோப்ரல் எந்தக் குடி? குடி தெரியாம எப்புடி ஒண்டாப் போற?" மிஸ்ஸி புத்தகம் முழுக்கப் புரட்டினா. தாய்வழி வருகிற குடியை எழுத ஒரு இடம் விடவில்லையே, மனே! அச்சடித்தவனிடம் சொல்லு.

அது முடிய, மறுகா சாமான் வாங்கும் கட்டம். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு பை காசு, அதற்குள் சுடுகிற துவக்கு, குளிருக்குக் கோட்டு, கூடாரம் எல்லாம் வாங்க வேண்டும் என்றா மிஸ்ஸி. ஆமி மறிக்கிறபடியால் துறைக்கு இந்தப் பக்கம் பற்றறி, சவுக்காரம், யூரியா கண்டு எத்தனை நாள்! என்னவும் வாங்கலாம், ஒருவரும் மறிக்கமாட்டார்கள் என்றால் கை சும்மா இருக்குமா? மாமி குளிக்கிற சவுக்காரம் வாங்கினாள், பெட்டி பெட்டியாக. மச்சான் ரோச் லைற்றுக்குப் பற்றறி. நான் யூரியா.

"ஐயோ, இது பனிமலை! யூரியா என்னத்துக்கு மனிசா?" என்று மிஸ்ஸி தலையில் அடித்தா.

நான் வாய் திறக்க முதல் மச்சான் சொன்னார்: "பனி கரைஞ்சாத் தண்ணிதானே மிஸ்ஸி? தண்ணி வந்தா வெள்ளாமை செய்யலாம். கோப்ரல் செஞ்சது சரி."

மச்சான் என்னைச் சரி என்றுவிட்டார்! "அண்ணன், அவரோட பேசிட்டீங்க" என்று மாமி கத்திவிட்டாள். "நான் கோப்ரலோடதான் பேசின. இந்தாளோட இல்ல" என்று மச்சான் திரும்பக் கூரையைப் பார்த்தார்.

துவக்கு ஒன்றும் வாங்கவில்லை. கோட்டு இரண்டுக்குத்தான் மிச்சக் காசு காணும். மச்சான் பற்றறியை விடமாட்டேன் என்று கோட்டை விட்டார். குண்டு விழும் செல்லடிச் சத்தம் கேட்டு நாங்கள் பங்கர் குழிக்குள் இறங்கியும் விளையாட்டை விடவில்லை. அங்கே, முழங்கால் மழைத்தண்ணீரில் நாங்கள் நின்று விளையாட, பனிமலையில் மச்சானுடைய சிப்பாய் குளிரில் விறைத்து விழுந்துவிட்டான். ஆளைத் தூக்கலாம், ஆனால் யூரியாவை எறிய வேண்டும், இரண்டு பாரமும் சுமக்க ஒண்ணாது என்றா மிஸ்ஸி. நான் யோசிக்கவே இல்லை. யூரியாவை எறிந்துபோட்டு ஆளைத் தோளில் போட்டேன்!

மச்சான் பங்கர்க் கூரையைப் பார்த்தார். மறுகா, "கோப்ரல், அவ்வளவு யூரியாவையும் ஏன் எறிஞ்ச நீங்க?" என்றார்.

"மச்சான் செத்தா எண்ட மகள்ற கலியாணத்துக்கு ஆரு வந்து நிக்கிற?" என்றேன்.

கூரையும் இல்லை வானமும் இல்லை, மனுசன் என் முகத்தைப் பார்த்தார். "வாறன்" என்றார். "வாறன் கோப்ரல். தையில வந்து நிக்கன்."

மாமி அன்றைக்கு இரண்டு கோப்பை சோறு தின்றாள். விடிய வெள்ளன மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லி அனுப்பிவிட்டோம். எல்லாம் உன் பெட்டி செய்த வேலை. நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அங்கேயும் ஒரு நல்ல குடியில் பெண் கிடைக்க வேண்டும் என்று ஈஸ்வரரைக் கும்பிடுகிறேன்.

இப்படிக்கு,
மாமன் அருமைநாயகம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்ட முதல் டோறா மிஸ்ஸி ஓடி வந்தா. புத்தகத்தைப் பிழையாகப் படித்துவிட்டாவாம். காசு மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு பை இல்லையாம், ஆளுக்கு ஒரு பையாம். மச்சானுக்குச் செய்தி போய்விட்டது. "அப்ப எனக்குக் கோட்டு வாங்கக் காசு இரிந்திரிக்கி. நான் விறைக்கவும் இல்ல, என்ன ஒருத்தரும் தூக்கவும் இல்ல. வாறன் எண்டதும் இல்ல" என்று மிஸ்ஸியிடம் சொன்னாராம். மாமி திரும்பவும் பாயில் கிடக்கிறாள். நாங்கள் முதலில் இருந்து விளையாடப் போகிறோம். மச்சான் இப்போதே வந்து பாயின் தொங்கலில் இருந்துவிட்டார், என்னோடு பேச்சில்லை. ஆளுக்கு ஒரு பை காசு இருந்தும், இந்தமுறையும் கோட்டு வாங்கமாட்டாராம். முழுக்கப் பற்றறிதானாம்.